யாரும் கேட்காத பாக்கெட்டுகள்

ரவுட்டரில் ஏசிஎல் எழுதச் சொல்லித்தர யூடியூபில் ஆள் நிறைய இருக்கிறார்கள், தமிழிலேயே இருக்கிறார்கள். அரை மணி நேரம் பார்த்தால் பெர்மிட், டினை, இன், அவுட் எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். பாக்கெட் ட்ரேசரில் இரண்டு பிசியும் ஒரு ரவுட்டரும் வைத்து, ஒரு பிசியின் பிங்கை நிறுத்திக் காட்டிவிட்டு, லேப் முடிந்தது என்று எழுந்துவிடலாம். வில்லங்கம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நிஜ நெட்வொர்க்கில் பிங் மட்டுமா ஓடுகிறது?

"எதைத் தடுக்கணும்?" என்ற கேள்வியோடுதான் எல்லோரும் ஏசிஎல் எழுத உட்காருகிறார்கள். அதற்குப் பதில் மேனேஜர் அனுப்பிய மெயிலிலேயே இருக்கும். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்கச் சொல்வேன்: இந்த இன்டர்ஃபேஸ் வழியாக யாரும் கேட்காமலேயே என்னென்ன போய்வந்துகொண்டிருக்கிறது? அதற்கான பதிலை யாரும் மெயிலில் அனுப்பமாட்டார்கள். ஏசிஎல் போட்ட மறுநாள் வரும் புகார்களில் முக்கால்வாசி இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் வருபவை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

புதியவர்களுக்காக ஒரு பாரா, தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஏசிஎல் என்பது வரிசையாக எழுதிய விதிகள். பாக்கெட் வந்ததும் ரவுட்டர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் பார்க்கும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதன்படி விடும், அல்லது தூக்கிப் போடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் கண்டுகொள்ளாது. எதுவுமே பொருந்தாவிட்டால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு டினை இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும். சிஸ்கோவில் 1 முதல் 99 வரை எண் கொடுத்தால் ஸ்டாண்டர்டு லிஸ்ட், அனுப்பியவர் முகவரியை மட்டும் பார்க்கும். 100 முதல் 199 வரை எக்ஸ்டெண்டட். அனுப்பியவர், பெறுபவர், டிசிபியா யுடிபியா, எந்த போர்ட் என்று எல்லாவற்றையும் பார்க்கும். எண்ணுக்குப் பதில் பெயரும் வைக்கலாம். பெயரே வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவருக்கு 101 என்றால் ஒன்றும் விளங்காது, 'ஹாஸ்டல்-இன்' என்றால் விளங்கும்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத டினை எல்லாக் கம்பெனி ரவுட்டரிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூனிப்பரின் ஃபில்டரில் இருக்கிறது. மைக்ரோடிக்கில் தலைகீழ்: எந்த விதியும் பொருந்தாத பாக்கெட் உள்ளே போய்விடும், கடைசி டிராப் வரியை நீங்களே எழுத வேண்டும். சிஸ்கோவில் பழகிய கையோடு மைக்ரோடிக்கில் நாலு பெர்மிட் எழுதிவிட்டு 'மற்றதெல்லாம் தானா பிளாக் ஆயிடும்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அந்த நாலு வரியும் அங்கே சும்மா அலங்காரத்துக்கு இருக்கும்.

வைல்டுகார்டு மாஸ்க் கதையும் இப்படித்தான். சிஸ்கோ ரவுட்டரில் சப்நெட் மாஸ்க்கைத் திருப்பி எழுத வேண்டும். 255.255.0.0 என்றால் இங்கே 0.0.255.255. மறந்துபோய் நேராக எழுதினால் ரவுட்டர் திட்டாது, சிவப்பாக எதுவும் காட்டாது. '0.0 என்று முடியும் எல்லா முகவரிகளும்' என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு அமைதியாக ஏற்றுக்கொள்ளும். அதே சிஸ்கோவின் ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் சப்நெட் மாஸ்க்கைத் திருப்பாமல் அப்படியே எழுத வேண்டும். ஒரே கம்பெனி, பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இரண்டு பெட்டி, இரண்டு பாஷை. யார் இப்படி முடிவு செய்தார்களோ, நல்லா இருக்கட்டும்.

சரி, ஒரு உதாரணம். ஒரு பொறியியல் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். ஹாஸ்டல் முழுக்க 10.20.0.0 நெட்வொர்க், 16 பிட் மாஸ்க். ஆபீஸ், தேர்வுப் பிரிவு, சர்வர்கள் எல்லாம் 10.5-இல் தொடங்கும் முகவரிகள். டிஎன்எஸ் சர்வர் 10.5.1.10. பிரின்சிபாலின் உத்தரவு ஒரே வாக்கியம்: "ஹாஸ்டல் பசங்க இன்டர்நெட் பார்க்கட்டும், ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது." நியாயமான உத்தரவு.

இதற்கு யாரும் எழுதும் லிஸ்ட் மூன்று வரிதான். ஹாஸ்டலிலிருந்து டிஎன்எஸ் சர்வருக்கு யுடிபி 53, பெர்மிட். ஹாஸ்டலிலிருந்து 10-இல் தொடங்கும் எதற்கும் டினை. ஹாஸ்டலிலிருந்து மற்ற எங்கும் பெர்மிட். ஹாஸ்டல் வி-லேன் இன்டர்ஃபேஸில் 'இன்' திசையில் போட வேண்டும். இன், அவுட் என்பது ரவுட்டர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது. ஹாஸ்டலிலிருந்து ரவுட்டருக்குள் நுழைவது இன்.

வரிசை முக்கியம். இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றினால் ஹாஸ்டல் பாக்கெட் எல்லாம் பெர்மிட்டிலேயே தப்பித்துவிடும், டினை வரிக்கு வேலையே இருக்காது. 'ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்' அடித்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எத்தனை பாக்கெட் பொருந்தியது என்று எண் வரும். ஒரு டினை வரிக்கு நாள் கணக்கில் எண்ணே ஏறவில்லை என்றால், ஒன்று உங்கள் ஊரில் எல்லோரும் உத்தமர்கள், அல்லது அந்த வரி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

மூன்று வரியும் சரியாகவே இருக்கின்றன. சாயங்காலம் போட்டுவிட்டுச் சோதித்தால் யூடியூப் ஓடுகிறது, தேர்வுப் பிரிவு சர்வர் திறக்கவில்லை. பிரமாதம். மறுநாள் காலையில் ஒரு பையன் வருவான்: "சார், என் லேப்டாப்ல நெட் வரல." பக்கத்து ரூம்காரனுக்கு வருகிறது. இவன் மெஷினில் ஐபி பார்த்தால் 169.254 என்று ஆரம்பிக்கும். மதியத்துக்குள் இதே புகாரோடு வரிசை நிற்கும்.

காரணம் டிஎச்சிபி. புதிதாக நெட்வொர்க்கில் சேரும் மெஷினுக்கு இன்னும் முகவரி கிடையாது. அது தன் முதல் கேள்வியை 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255-க்கு அனுப்புகிறது, போர்ட் 68-இலிருந்து 67-க்கு. நம் லிஸ்ட்டின் மூன்று வரியுமே 'ஹாஸ்டலிலிருந்து' என்றுதான் ஆரம்பிக்கின்றன. 0.0.0.0 ஹாஸ்டல் முகவரி இல்லையே. மூன்றையும் தாண்டி, கடைசியில் இருக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத டினையில் போய் விழுகிறது. ஏற்கெனவே முகவரி வாங்கி வைத்திருக்கும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருப்பதால்தான் நேற்று சாயங்காலம் எல்லாம் சரியாகத் தெரிந்தது. மேலே ஒரு வரி சேர்த்தால் போதும்: யாரிடமிருந்து வந்தாலும் யுடிபி 68-இலிருந்து 67-க்கு பெர்மிட்.

டிஎன்எஸ்ஸுக்கு யுடிபி 53 மட்டும் திறந்ததும் அரைகுறைதான். பதில் பெரிதாக இருந்தால் டிஎன்எஸ் டிசிபிக்கு மாறிக்கொள்ளும், டிசிபி 53-ஐயும் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் பெரும்பாலான தளங்கள் வரும், ஏதோ சில மட்டும் வராது. இருப்பதிலேயே மோசமான புகார் அதுதான். முழுசாக விழுந்தால் கண்டுபிடித்துவிடலாம், அவ்வப்போது விழுவதைக் கண்டுபிடிக்க ராத்திரி ஆகிவிடும்.

அடுத்த புகார் ஆபீஸ் பக்கமிருந்து வரும். ஹாஸ்டல் வாசலில் கைரேகை வருகைப்பதிவு மெஷின் ஒன்று மாட்டியிருப்பார்கள். கேபிள் பக்கத்தில் இருந்த ஹாஸ்டல் சுவிட்சில் சொருகியிருக்கும். ஆபீஸில் இருக்கும் சர்வர்தான் அதைத் தொடர்புகொண்டு பதிவுகளை எடுக்கும். "நாங்க ஹாஸ்டலுக்குப் போறதை யாரும் தடுக்கலையே, ஏன் சார் டேட்டா வரல?" என்பார் அட்மின் ஆபீஸ் அம்மா. அவர் கேட்பது சரி. சர்வர் அனுப்பும் கேள்வி ஹாஸ்டலுக்குப் போய்ச் சேருகிறது. மெஷின் சொல்லும் பதில், ஹாஸ்டலிலிருந்து 10-இல் தொடங்கும் முகவரிக்குப் போகிற பாக்கெட். நம் லிஸ்ட்டின் டினை வரி அதை அடிக்கிறது.

இந்த இடத்தில்தான் ஏசிஎல்லின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஞாபகம் கிடையாது. ஃபயர்வால் என்றால் யார் பேச ஆரம்பித்தார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, பதிலைத் தானாக விட்டுவிடும். ஏசிஎல் ஒவ்வொரு பாக்கெட்டையும் அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்க்கும். அதனால் ஒரு உரையாடலை அனுமதிக்க வேண்டுமென்றால் போகிற திசை, வருகிற திசை இரண்டையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். பதில் பாக்கெட்டில் போர்ட் எண் இடம் மாறி, அனுப்புபவர் பக்கத்தில் இருக்கும் என்பதையும் சேர்த்து.

டிசிபிக்கு 'எஸ்டாப்ளிஷ்டு' என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்த்தால், ஏசிகே அல்லது ஆர்எஸ்டி பிட் போட்ட பாக்கெட்டை மட்டும் விடும். புது இணைப்பின் முதல் பாக்கெட்டில் அந்த பிட்கள் இருக்காது, அதனால் உள்ளிருந்து யாரும் புதிதாகத் தொடங்க முடியாது, பதில் மட்டும் போகும். நல்ல வசதிதான். ஆனால் பிட்டைத்தான் பார்க்கிறது, நிஜமாகவே இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஏசிகே பிட் போட்டு யார் வேண்டுமானாலும் பாக்கெட் தயாரிக்கலாம், என்மேப்பில் அதற்கென்றே ஒரு ஸ்கேன் வகை உண்டு. யுடிபியில் இந்தக் குறுக்குவழியும் கிடையாது. டிஎன்எஸ் பதில் வரட்டும் என்று 'சோர்ஸ் போர்ட் 53 என்றால் பெர்மிட்' எழுதினால், வெளியிலிருந்து தாக்குபவன் தன் பாக்கெட்டையும் 53-இலிருந்தே அனுப்பிக்கொள்வான். என் அபிப்பிராயம்: கைரேகை மெஷின் மாதிரி குறிப்பிட்ட இரண்டு பெட்டிகளுக்கு இடையே ஏசிஎல் வரி எழுதுங்கள். உரையாடலைக் கவனிக்க வேண்டிய வேலையை ஃபயர்வாலிடம் விட்டுவிடுங்கள்.

ரவுட்டர்களுக்கு இடையில் போகும் பேச்சு இன்னொரு ரகம். இரண்டு கட்டடங்களை இணைக்கும் லிங்க்கில் ஏசிஎல் போடுகிறீர்கள். என்டர் தட்டியதும் சோதிக்கிறீர்கள், எல்லாம் ஓடுகிறது. டீ குடிக்கக் கிளம்புவதற்குள் ஒரு கட்டடமே காணாமல் போகிறது. ஓஎஸ்பிஎஃப் ஓடும் லிங்க்கில் பக்கத்து ரவுட்டர் அனுப்பும் ஹலோவை ஏசிஎல் தின்றுவிட்டது. ஹலோ நின்றதும் ரவுட்டர் உடனே கைவிடாது, வழக்கமான அமைப்பில் 40 நொடி காத்திருக்கும். பிஜிபி என்றால் சிஸ்கோவில் 180 நொடி, முழுசாக மூன்று நிமிஷம். நீங்கள் திருப்தியாகச் சோதித்து முடித்தது அந்த இடைவெளியில். ஓஎஸ்பிஎஃப் டிசிபியும் இல்லை யுடிபியும் இல்லை, ஐபிக்கு மேலே நேரடியாக 89 என்ற எண்ணில் ஓடுவது. டிசிபி, யுடிபி, ஐசிஎம்பி மூன்றையும் திறந்துவிட்டேனே என்றால் போதாது.

ஐசிஎம்பி என்றதும் இன்னொன்று. 'பிங் ஆபத்து' என்று யாரோ ஒரு ஆடிட்டர் சொன்னதைக் கேட்டு ஐசிஎம்பியை மொத்தமாக அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாக்கெட் பெரிதாக இருக்கிறது, துண்டாக்கவும் அனுமதியில்லை என்றால், வழியில் இருக்கும் ரவுட்டர் 'இந்த அளவு போகாது, சின்னதாக அனுப்பு' என்று சொல்வது ஐசிஎம்பியில்தான். வகை 3, கோடு 4. பிராட்பேண்ட் பிபிபிஓஇ இணைப்பில் அளவு 1500-இலிருந்து 1492 ஆகக் குறையும், டனல் போட்டால் இன்னும் குறையும். இந்தச் செய்தியை அடைத்துவிட்டால் சின்ன பாக்கெட் எல்லாம் போகும், பெரியது எங்கேயோ தொலையும். லாகின் பக்கம் வரும், லாகின் செய்தபின் சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்எச் திறக்கும், நீளமான அவுட்புட் வந்தால் உறைந்துவிடும். ஆடிட்டருக்கு பிங்கை வேண்டுமானால் அடைத்துக் காட்டுங்கள், இதைத் தொடாதீர்கள்.

ஐபிவி6 இன்னும் தமாஷ். ஐபிவி4-க்கு எழுதிய லிஸ்ட் ஐபிவி6 பாக்கெட்டைப் பார்க்கவே பார்க்காது. அதற்குத் தனி லிஸ்ட். எழுதும்போது, வழக்கப்படி கடைசியில் 'எல்லாவற்றுக்கும் டினை, லாக்' என்று ஒரு வரி சேர்ப்போம். சிஸ்கோவின் ஐபிவி6 லிஸ்ட்டில் கண்ணுக்குத் தெரியாத டினைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பெர்மிட்டும் இருக்கின்றன. பக்கத்து மெஷினைக் கண்டுபிடிக்கும் நெய்பர் டிஸ்கவரிக்கானவை அவை. நீங்கள் வெளிப்படையாக எழுதிய டினை அவற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். லாக் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே காரணத்துக்காக மொத்த ஐபிவி6 இணைப்பும் படுத்துவிடும். டினை எழுதுவதற்கு முன் அந்த இரண்டு பெர்மிட்டையும் கையால் எழுதிவிட வேண்டும்.

இதுவரை சொன்னதைப் படித்தால் ஏசிஎல்லே வேண்டாம் என்று தோன்றலாம். அப்படியில்லை. 2003 ஜனவரி 25, சனிக்கிழமை, நம் நேரம் காலை 11 மணி வாக்கில் ஸ்லாமர் என்ற வார்ம் கிளம்பியது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 2000-இன் ஓட்டை ஒன்றில் நுழைந்தது. அதற்கான பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது, போடத்தான் பலருக்கு நேரமில்லை. வார்ம் மொத்தமே ஒரே ஒரு யுடிபி பாக்கெட், 404 பைட், போர்ட் 1434-க்கு. ஆரம்பத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. சிக்கக்கூடிய மெஷின்களில் 90 சதவீதம் பத்து நிமிஷத்துக்குள் சிக்கின, குறைந்தது 75,000 மெஷின்கள். அன்றைக்கு ஒவ்வொரு சர்வராகப் போய் பேட்ச் போட யாருக்கும் அவகாசமில்லை. உலகம் முழுக்க நெட்வொர்க்காரர்கள் செய்தது ஒரே வேலை: யுடிபி, போர்ட் 1434, டினை. ஒரு வரி. ரவுட்டரில் ஏற்கெனவே இருக்கும் வசதி, லைசென்ஸ் வேண்டாம், புதுப் பெட்டி வேண்டாம்.

அந்த வரிக்கும் ஒரு வால் உண்டு. அந்தக் கால விண்டோஸ், தற்காலிகப் போர்ட்டை 1025-க்கும் 5000-க்கும் நடுவில் எடுக்கும். ஒரு மெஷினின் டிஎன்எஸ் கேள்வி தற்செயலாக 1434-இலிருந்து கிளம்பினால், பதில் 1434-க்குத்தான் திரும்பி வரும், அந்த டினை அதையும் அடிக்கும். யூசர் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்வார், அடுத்த கேள்வி வேறு போர்ட்டிலிருந்து போகும், வேலை செய்யும். ஒருத்தரும் புகார் கொடுக்கமாட்டார்கள். அவசரத்துக்குப் போட்ட வரி என்று ரிமார்க் எழுதித் தேதி போட்டிருந்தால், பின்னால் வந்தவர்கள் எடுத்திருப்பார்கள். போடுவதற்கு இருக்கும் தைரியம் எடுப்பதற்கு யாருக்கும் இருப்பதில்லை. "இது எதுக்குன்னு தெரியல, எதுக்கு வம்பு, இருக்கட்டும்." இந்த வாக்கியத்தில்தான் பாதி ஏசிஎல்கள் உயிர் வாழ்கின்றன.

மற்றவர்களுக்காக எழுத வேண்டிய ஏசிஎல் ஒன்றும் இருக்கிறது. உங்கள் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டில் அனுப்புபவர் முகவரி உங்களுடையதாக மட்டுமே இருக்க வேண்டும், வேறெது இருந்தாலும் டினை. பால் ஃபெர்குசன், டேனியல் சீனி இருவரும் இதை 2000 மே மாதம் ஆர்எஃப்சி 2827 என்று எழுதிவைத்தார்கள். பிசிபி 38 என்றால் துறையில் எல்லோருக்கும் தெரியும். 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின்மேல் நொடிக்கு 1.35 டெராபிட் வந்து விழுந்ததே, அது நடக்க முடிந்தது எங்கோ சில நெட்வொர்க்குகள் பொய் முகவரியோடு பாக்கெட்டை வெளியே விட்டதால்தான். தாக்கியவர்கள் கிட்ஹப்பின் முகவரியைப் போட்டு மெம்கேஷ்டு சர்வர்களிடம், யுடிபி 11211-இல், சின்னக் கேள்வி கேட்டார்கள். பெரிய பெரிய பதில்கள் கிட்ஹப்புக்குப் போயின. இந்த வரியைப் போடுவதால் உங்களுக்கு நேரடியாக லாபம் எதுவும் இல்லை. அதனால்தான் பலர் போடுவதில்லை. போடுங்கள்.

எதற்கு ஏசிஎல்லை இழுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஃபேஸ்புக்கை பிளாக் பண்ணுங்க" என்ற வேலைக்கு. அவர்கள் முகவரிகளை நீங்கள் துரத்திக்கொண்டே இருப்பீர்கள், கூடவே சம்பந்தமில்லாத நாலு தளங்களும் சேர்ந்து விழும்.

தூரத்திலிருந்து எஸ்எஸ்எச்சில் உட்கார்ந்து ஏசிஎல் மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிஸ்கோவில், எழுதப்படாத லிஸ்ட்டை இன்டர்ஃபேஸில் போட்டால் எல்லாம் போகும். பிறகு முதல் வரியைத் தட்டிய அந்த நொடியே கடைசி டினையும் பிறந்துவிடும். அந்த முதல் வரியில் உங்கள் லேப்டாப் இல்லையென்றால் கர்சர் அப்படியே நிற்கும். ரவுட்டர் இருப்பது ஓசூரில், நீங்கள் இருப்பது சென்னையில் என்றால் ராத்திரி பஸ்தான். முதலில் லிஸ்ட், அப்புறம் இன்டர்ஃபேஸ். அதற்கும் முன்னால் 'ரீலோட் இன் 10' அடித்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிஷத்தில் ரவுட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய கான்ஃபிக்கோடு எழும், நீங்கள் சேவ் செய்யாமல் இருந்தால். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்'. இதையும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பட்டப்பகலில் ரவுட்டர் விழும். ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்டு', மைக்ரோடிக்கில் 'சேஃப் மோடு', இரண்டும் இதே வேலையை இன்னும் நாகரிகமாகச் செய்கின்றன. பழைய எண் லிஸ்ட்டில் ஒரு வரியை மட்டும் நீக்கலாம் என்று 'நோ ஆக்சஸ்-லிஸ்ட் 101' என்று தொடங்கி முழு வரியையும் தட்டினால், லிஸ்ட்டே மொத்தமாகப் போய்விடும், அதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரே ஒரு வேலை செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்: உங்கள் ரவுட்டரின் விடிஒய் லைனில் ஆக்சஸ்-கிளாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். யார் அந்த ரவுட்டருக்குள் லாகின் செய்யலாம் என்பதற்கான லிஸ்ட் அது. இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள். இருந்தால், ஐபிவி6-க்கும் தனியாக ஒன்று இருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். ரொம்ப இடங்களில் இருக்காது.